வெட்டிய துண்டு எங்கே போகிறது? உருமாற்றங்களால் டெசலேஷன் ஓவியம் வரைய முழு வழிகாட்டி

ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கி, இடையில் சந்து விழாமலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமலும் ஒரு தளத்தை நிரப்பினால் அது டெசலேஷன். தமிழில் தரைபாவுமை என்கிறார்கள். சதுர ஓடு பதித்த தரையும் தேன்கூடும் இந்த வகைதான். அந்தச் சதுரத்தைப் பறவையாகவும் அறுகோணத்தைப் பல்லியாகவும் மாற்றிவிட்டு, அப்போதும் சந்து விழாமல் பார்த்துக்கொள்வதில்தான் இந்தக் கலையே இருக்கிறது.

பார்க்க மாயம் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது ஒரே ஒரு விதி: ஒரு பக்கத்தில் வெட்டியெடுத்த துண்டு இன்னொரு பக்கத்தில் போய் ஒட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் குழி, ஒட்டிய இடத்தில் புடைப்பு. பக்கத்து ஓட்டின் புடைப்பு இந்தக் குழியில் வந்து கச்சிதமாக உட்காரும். துண்டு நேராக நகர்ந்து போகிறதா, ஒரு புள்ளியைச் சுற்றிச் சுழன்று போகிறதா, புரண்டு போகிறதா என்பதைத்தான் கணிதத்தில் இடப்பெயர்வு, சுழற்சி, எதிரொளிப்பு என்கிறோம். இவற்றுக்குப் பொதுப்பெயர் உருமாற்றம். துண்டு போகும் வழி சரியாக இருந்தால் படம் வரையவே வராதவருக்கும் ஓடுகள் பொருந்தும். வழி தப்பினால் எவ்வளவு நல்ல ஓவியருக்கும் பொருந்தாது.

எந்த வடிவத்தில் தொடங்குவது

ஒரு புள்ளியைச் சுற்றி மொத்தம் 360 பாகை. அங்கே வந்து சேரும் மூலைகளின் கோணங்கள் கூட்டினால் சரியாக அந்த 360 வர வேண்டும். எல்லாப் பக்கங்களும் எல்லாக் கோணங்களும் சமமாக உள்ள ஒழுங்கு பலகோணங்களில் இதற்கு ஒத்துவருபவை மூன்றே: சமபக்க முக்கோணம் (60 பாகை, ஆறு சேரும்), சதுரம் (90 பாகை, நான்கு), அறுகோணம் (120 பாகை, மூன்று). ஒழுங்கு ஐங்கோணத்தின் உட்கோணம் 108. மூன்றை வைத்தால் 324தான் ஆகிறது. மீதி 36 பாகைக்கு ஆப்பு வடிவில் ஒரு சந்து நிற்கும். நான்காவதற்கு இடமில்லை.

ஒழுங்கில்லாத வடிவங்களில் எந்த முக்கோணமும் நிரப்பும், எந்த நாற்கரமும் நிரப்பும்; ஒரு மூலை உள்ளே குழிந்த நாற்கரம்கூட. குவிந்த, அதாவது எந்த மூலையும் உள்ளே குழியாத ஐங்கோணங்களில் 15 வகைகள் மட்டுமே நிரப்பும். அவற்றில் நான்கை 1970களில் கண்டுபிடித்த மார்ஜரி ரைஸ், பள்ளிக்கு மேல் கணிதம் படிக்காத ஓர் இல்லத்தரசி. 15க்கு மேல் இல்லை என்பதைக் கணிதவியலாளர் மைக்கேல் ராவ் 2017இல் நிறுவினார். ஏழு பக்கமோ அதற்கு மேலோ உள்ள குவிந்த பலகோணம் எதுவும் தனியாகத் தளத்தை நிரப்பாது.

முதல் ஓவியத்துக்குச் சதுரமே போதும். தவறு எங்கே நடந்தது என்று அதில்தான் சட்டென்று தெரியும்.

தேவையானவை

டெம்ப்ளேட்டுக்கு, அதாவது சுற்றி வரைய வைத்துக்கொள்ளும் மாதிரி ஓட்டுக்கு, 200 முதல் 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) அட்டை. இதைவிட மெலிந்தால் பத்து முறை சுற்றி வரைவதற்குள் ஓரம் நைந்துவிடும். இதைவிடத் தடித்தால் வளைவுகளில் கத்தரி சறுக்கும். கூர்முனைக் கத்தரி, ஒளி ஊடுருவும் செல்லோடேப், 30 செ.மீ. ஸ்கேல், மூலைமட்டம், கவராயம், குண்டூசி, ட்ரேசிங் பேப்பர் வேண்டும். கட்டம் போட 2எச் பென்சில், உருவம் வரைய 0.5 மி.மீ. மெக்கானிக்கல் பென்சில், கடைசியில் மைக்கோட்டுக்கு 0.3 மி.மீ. பேனா. ஓவியத்துக்கு ஏ3 தாள்.

முதல் முறை: இடப்பெயர்வு

1. அட்டையில் 6 செ.மீ. பக்கமுள்ள சதுரம் வரைந்து வெட்டுங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக, 8.5 செ.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவாக வர வேண்டும். வித்தியாசம் ஒரு மி.மீ. இருந்தாலும் அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டுங்கள்.

2. முன்பக்கம் முழுவதையும் பென்சிலால் லேசாகத் தேய்த்துச் சாம்பல் நிறமாக்குங்கள். துண்டு தவறிப் புரண்டால் வெள்ளைப் பக்கம் பல்லிளித்துக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த அரை நிமிட வேலை பாதித் தவறுகளைத் தடுக்கும். மேல்நோக்கி ஓர் அம்புக்குறியும் போடுங்கள்.

3. மேல் இடது மூலையில் தொடங்கிக் கடிகார திசையில் அ, ஆ, இ, ஈ என்று மூலைகளுக்குப் பெயரிடுங்கள். எழுத்தை மூலைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதுங்கள்.

4. இடப் பக்கத்தில் அ-விலிருந்து ஈ வரை ஒரு வளைகோடு வரையுங்கள். அது சரியாக மூலையில் தொடங்கி, சரியாக மூலையில் முடிய வேண்டும். உள்ளே போகும் ஆழம் 1 முதல் 2 செ.மீ. இருந்தால் நல்லது. ஒரு செ.மீ.க்குக் குறைந்தால் கடைசியில் கோணலான சதுரம் மாதிரிதான் தெரியும்.

5. மேல் பக்கத்தில் அ-விலிருந்து ஆ வரை இன்னொரு கோடு. வெட்டுவதற்கு முன்பே இரண்டையும் வரைந்துவிடுங்கள். இரண்டு கோடும் எங்கேயாவது வெட்டிக்கொண்டால் டெம்ப்ளேட் இரண்டாக விழுந்துவிடும். நெருங்கும் இடத்தில் குறைந்தது 4 மி.மீ. அகலம் விடுங்கள்.

6. இடப் பக்கத் துண்டை ஒரே துண்டாக வெட்டியெடுங்கள். சுற்றாமல், புரட்டாமல், மேசையை விட்டுத் தூக்காமல் அப்படியே வலப்புறம் தள்ளிக்கொண்டு போங்கள். அதன் நேரான ஓரம் ஆ–இ பக்கத்தோடு முட்டி நிற்கும். மேலே ஏறக் கூடாது. ஓரமும் ஓரமும் தொட வேண்டும். பின்பக்கம் டேப் ஒட்டுங்கள்.

7. மேல் துண்டையும் அப்படியே கீழே இறக்கி ஈ–இ பக்கத்தில் ஒட்டுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டேப்பை வெட்டிவிடுங்கள். ஒட்டும் ஓரம் பென்சிலைப் பிடித்து இழுக்கும்.

டெம்ப்ளேட் தயார். எப்படி வெட்டினாலும் அதன் பரப்பு அதே 36 சதுர செ.மீ.தான், வெட்டியது எதுவும் குப்பைக்குப் போகவில்லை. அ, ஆ, இ, ஈ என்ற நான்கு பழைய மூலைகளும் இன்னும் வெளிக்கோட்டின் மேலேயே இருக்கின்றன. இதை நினைவில் வையுங்கள், அடுத்த வேலை முழுவதும் இந்த நான்கு புள்ளிகளை நம்பித்தான் நடக்கும்.

ஏ3 தாள் 29.7 × 42 செ.மீ. அதில் 6 செ.மீ. கட்டங்களை நான்கு வரிசை, ஆறு நிரல் என்று போட்டால் 24 உருவங்கள் கிடைக்கும். இரு பக்கமும் 3 செ.மீ., மேலும் கீழும் 2.85 செ.மீ. ஓரம் மிஞ்சும், புடைப்புகள் நீட்டிக்கொள்ள இது போதும். கட்டம் முழுவதன் மூலைவிட்டங்களும் ஒன்றுக்கொன்று சமமாக, 43.3 செ.மீ. அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டக் கோடு அழிக்கத்தான் போகிறது, அதனால் பென்சிலை அழுத்தாதீர்கள்.

இப்போது டெம்ப்ளேட்டின் நான்கு மூலைகளையும் கட்டத்தின் நான்கு புள்ளிகள் மேல் வைத்துச் சுற்றி வரையுங்கள். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். முதல் உருவம் வரைந்ததும், இரண்டாவதை அதன் கோட்டோடு உரசி வைக்கத்தான் கை போகும். அப்படி வைத்தால் ஒவ்வொரு முறையும் அரை மி.மீ. தள்ளும், ஆறாவது நிரலுக்கு வரும்போது அது 2.5 மி.மீ. ஆகிவிடும். பக்கத்து உருவம் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள், கட்டப் புள்ளி சொல்வதைக் கேளுங்கள். தாளின் நடுவில் தொடங்கி வெளியே போவது ஓரத்தில் தொடங்குவதைவிட நல்லது. பிசகு இருந்தால் ஓரத்துக்குப் போய்விடும், கண் அங்கே அவ்வளவாகப் போகாது.

அறுகோணத்திலும் இதையே செய்யலாம். எதிரெதிர்ப் பக்கங்கள் மூன்று ஜோடி என்பதால் மூன்று கோடுகள் வரைய இடம் கிடைக்கும், மற்றதெல்லாம் ஒன்றுதான்.

நடுப்புள்ளியில் அரைச் சுற்று

ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தோடு சேர்க்காமல் தன்னோடு தானே சேர்ப்பது இந்த முறை. பக்கத்தின் நடுப்புள்ளியைக் குறியுங்கள். ஒரு முனையிலிருந்து நடுப்புள்ளி வரை உங்கள் இஷ்டத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டை நடுப்புள்ளியை மையமாக வைத்து 180 பாகை சுழற்றினால் மறுபாதி கிடைக்கும். முதல் பாதி உள்ளே குழிந்தால் மறுபாதி வெளியே புடைக்கும். முழுக்கோடு எஸ் எழுத்தைப் படுக்க வைத்தது போலிருக்கும்.

கத்தரியைவிட ட்ரேசிங் பேப்பரே இதற்கு வசதி. 7, 6, 5 செ.மீ. பக்கங்களுள்ள முக்கோணம் ஒன்றை வரைந்து, ஒரு பக்கத்தில் பாதிக்கோட்டைப் போடுங்கள். ட்ரேசிங் பேப்பரை மேலே வைத்து அந்தப் பாதியையும் பக்கத்தின் இரு முனைகளையும் படியெடுங்கள். நடுப்புள்ளியில் குண்டூசி குத்தி, பேப்பரைச் சுழற்றுங்கள். ஒரு முனை இன்னொரு முனையின் மேல் வந்து நின்றதும் கோட்டைக் கீழே இறக்குங்கள். மற்ற இரண்டு பக்கங்களுக்கும் இதே வேலை.

சரியாக வந்ததா என்று பார்க்கத் தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். அந்தப் பக்கத்துக் கோடு முன்பு இருந்தது போலவே தெரிந்தால் சரி. இரண்டு பாதியும் ஒரே பக்கமாகப் புடைத்து எம் எழுத்துப் போல நின்றால், சுழற்றுவதற்குப் பதில் புரட்டியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட இரண்டு ஓடுகள் முட்டிக்கொள்ளும்.

அடுக்கும்போது ஓடு நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று என்று இரண்டே நிலைகளில்தான் வரும். ஒவ்வொரு மூலையிலும் ஆறு ஓடுகள் சேரும்: முக்கோணத்தின் மூன்று கோணங்களும் இரண்டிரண்டு முறை, ஆக 180ஐப் போல இரு மடங்கு. நாற்கரத்துக்கும் இந்த முறை அப்படியே செல்லும். அங்கே நான்கு கோணங்களும் ஒரு மூலையில் ஒவ்வொரு முறை சேர்ந்து 360ஐ முடித்துவைக்கும். எந்தக் கோணல் நாற்கரமும் தளத்தை நிரப்பும் என்றதன் காரணம் இதுதான்.

மூலையில் கால் சுற்று

சதுரத்தில் செய்யக்கூடியவற்றில் அழகான முறை இது. மேல் பக்கத்தில் அ முதல் ஆ வரை கோடு வரைந்து வெட்டுங்கள். அந்தத் துண்டின் அ முனையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, துண்டைக் கடிகார திசையில் 90 பாகை சுழற்றுங்கள். ஆ-வில் இருந்த முனை ஈ-க்கு வந்து சேரும். துண்டு இடப் பக்கத்துக்கு வெளியே ஒட்டும். பிறகு கீழ்ப்பக்கத்தில் இ முதல் ஈ வரை வேறொரு கோடு. துண்டை வெட்டி, இ-யை அழுத்திப் பிடித்து மறுபடியும் கடிகார திசையிலேயே 90 பாகை. ஈ-யில் இருந்த முனை ஆ-வுக்குப் போகும். துண்டு வலப் பக்கத்தில் ஒட்டும்.

இதில் எளிதாக நடக்கும் பிழை, மேல் துண்டை அ-வைச் சுற்றாமல் ஆ-வைச் சுற்றிக் கொண்டுபோவது. அப்படிச் செய்தால் அது வலப் பக்கத்தில் போய் நிற்கும். பிறகு கீழ்த் துண்டுக்கும் அதே பக்கம்தான் மிஞ்சும். எந்த மூலை அசையாமல் இருக்க வேண்டும் என்பதை வெட்டுவதற்கு முன்பே சிவப்புப் புள்ளியால் குறித்துவிடுங்கள்: அ ஒன்று, இ ஒன்று. எதிரெதிர் மூலைகள்.

அடுக்குவதற்குத் தனித்தனி ஓடாக யோசிக்க வேண்டாம். இரண்டுக்கு இரண்டு, அதாவது 12 செ.மீ. சதுரத் தொகுதியாக யோசியுங்கள். தொகுதியின் நடுப்புள்ளியில் அ வரும்படி ஒரு கட்டத்தில் டெம்ப்ளேட்டை வைத்து வரையுங்கள். நடுவில் ஊசி குத்தி, கால் கால் சுற்றாக மூன்று முறை திருப்பி வரைந்தால் நான்கு உருவங்களும் அ-வைச் சுற்றிக் கூடி நிற்கும். இதற்குமேல் அந்தத் தொகுதியை நேராக நகர்த்தி நகர்த்தி வரைந்தால் போதும். மேலே சொன்ன ஏ3 கட்டத்தில் இப்படி ஆறு தொகுதிகள் வரும். தொகுதியின் மூலைகளில், நீங்கள் எதுவும் செய்யாமலே, நான்கு இ முனைகள் தாமாகக் கூடும். முதல் முறை அதைப் பார்க்கும்போது சிரிப்பு வரும்.

அறுகோணத்தில் மூன்றில் ஒரு சுற்று

4 செ.மீ. ஆரத்தில் வட்டம் போட்டு, கவராயத்தின் அளவை மாற்றாமல் வட்டத்தின் மேல் ஆறு முறை நடந்தால் அறுகோணத்தின் மூலைகள் கிடைக்கும். அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று பெயரிடுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக ஆ, ஈ, ஊ மூன்றும் சுழற்சி மையங்கள். ஆ–அ பக்கத்துக் கோட்டை ஆ-வைச் சுற்றி 120 பாகை சுழற்றி ஆ–இ பக்கத்தில் போடுங்கள். ஈ–இ பக்கத்துக் கோடு ஈ-யைச் சுற்றி ஈ–உ பக்கத்துக்கு. ஊ–உ பக்கத்துக் கோடு ஊ-வைச் சுற்றி ஊ–அ பக்கத்துக்கு. மூன்று கோடுகள் வரைந்தால் ஆறு பக்கமும் முடிந்தது.

அடுக்கும்போது ஆ-வில் மூன்று ஆ முனைகள் கூடும். ஈ, ஊ இரண்டிலும் அப்படியே. ஆனால் அ இருக்கும் புள்ளியில் வெவ்வேறு ஓடுகளின் அ, இ, உ என்று மூன்று வேறு மூலைகள் சந்திக்கும். இதைத் தெரிந்துகொண்டால் உருவம் யோசிப்பது எளிது: மூக்கும் மூக்கும் உரச வேண்டுமென்றால் மூக்கை ஒரு மையத்தில் வையுங்கள், மூக்கு இன்னொருவன் முழங்காலில் முட்ட வேண்டுமென்றால் அ, இ, உ மூன்றில் ஒன்றில் வையுங்கள். டெசலேஷன் ஓவியங்களுக்குப் பேர்போன டச்சு ஓவியர் எம். சி. எஷரின் (1898–1972) பல்லிகள் இந்த முறையில் பிறந்தவைதான். அவர் ஸ்பெயினின் கிரனாடாவில் உள்ள அல்ஹம்ப்ரா அரண்மனையின் ஓட்டு வேலைப்பாடுகளை 1922இலும் 1936இலும் போய்ப் பார்த்தார். இரண்டாம் பயணத்தில் அங்கேயே உட்கார்ந்து அவற்றை நகலெடுத்தார். அதற்குப் பிறகுதான் இந்த வேலையில் முழுமூச்சாக இறங்கினார்.

சறுக்கு எதிரொளிப்பு

ஒரு வரிசை இடப்பக்கம் பார்க்க, அடுத்த வரிசை வலப்பக்கம் பார்க்க வேண்டுமா? இதுதான் வழி. இட, வலப் பக்கங்களை முதல் முறையில் செய்ததைப் போலவே இடப்பெயர்வால் முடியுங்கள். மேல் துண்டை மட்டும் வெட்டியெடுத்து, புத்தகப் பக்கத்தைத் திருப்புவது போல இடம் வலமாகப் புரட்டி, பிறகு கீழே இறக்கி ஈ–இ பக்கத்தில் ஒட்டுங்கள். இங்கே மட்டும் துண்டின் வெள்ளைப் பக்கம் மேலே தெரிய வேண்டும். சாம்பல் நிறம் தெரிந்தால் புரட்ட மறந்துவிட்டீர்கள்.

வரையும்போது முதல் வரிசைக்கு டெம்ப்ளேட் நேராக, இரண்டாம் வரிசைக்கு அதே போல இடம் வலமாகப் புரட்டி, மூன்றாவதுக்கு மறுபடி நேராக. முகம் மட்டும் திரும்பும், யாரும் தலைகீழாக நிற்கமாட்டார்கள். பக்கவாட்டில் தெரியும் பறவை, குதிரை, மீன் எல்லாவற்றுக்கும் இதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

நகர்வு இல்லாத வெறும் எதிரொளிப்பை மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். ஒரு பக்கத்தையே கண்ணாடியாக வைத்தால், அந்தப் பக்கம் வெளியே புடைக்கும்போது பிம்பமும் எதிரிலிருந்து புடைத்து வந்து முட்டும். உள்ளே குழிந்தால் பிம்பமும் குழிந்து நடுவில் ஓட்டை விழும். ஆகவே கண்ணாடிப் பக்கம் நேர்கோடாகவே இருந்தாக வேண்டும். அதை வெட்டி உருவம் செய்ய முடியாது. கலைடாஸ்கோப் மாதிரி ஓட்டுக்குள்ளே வரையும் கோலங்களுக்கு அது சரி, வெளிக்கோட்டுக்கு உதவாது.

இந்த நான்கு உருமாற்றங்களையும் எப்படிக் கலந்தாலும், தளம் முழுவதும் திரும்பத் திரும்ப வரும் கோலங்களின் சமச்சீர் வகைகள் மொத்தம் 17தான். ரஷ்யப் படிகவியலாளர் ஃபெதரோவ் 1891இல் இதை நிறுவினார். கணிதவியலாளர் போலியா 1924இல் தனியாக மறுபடி அதையே கண்டார். திரும்பவே வராத அடுக்குகளும் உண்டு. 2023இல் வெளிவந்த தொப்பி என்ற 13 பக்க ஓடு தளத்தை நிரப்பும், ஆனால் எவ்வளவு தூரம் நகர்த்தினாலும் கோலம் தன்மேல் பொருந்தாது. அதை இந்த வெட்டி ஒட்டும் வழியில் செய்ய முடியாது என்பதால் இங்கே விட்டுவிடலாம்.

உருவம் எங்கிருந்து வரும்

முதலிலேயே யானை வரையப் போகிறேன் என்று உட்கார்ந்தால் பெரும்பாலும் யானையும் வராது, பொருத்தமும் வராது. வெட்டி ஒட்டிய வெற்று டெம்ப்ளேட்டைக் கையில் எடுத்து நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள், புரட்டியும் பாருங்கள். எட்டு நிலைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம். மேகத்தில் முகம் தெரிவது போல ஏதோ ஒரு நிலையில் அலகோ வாலோ தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்துக் கோட்டை மட்டும் கொஞ்சம் திருத்துங்கள். திருத்தியதை அதன் இணைப் பக்கத்திலும் மறக்காமல் திருத்த வேண்டும். அலகைக் கூராக்கினால் பக்கத்து உருவத்தின் முதுகில் அதே கூர்மையில் ஒரு வெட்டு விழும். அந்த வெட்டை இறக்கை மடிப்பாக்குவதா, செதிலாக்குவதா என்பதில்தான் ஓவியரின் சாமர்த்தியம் இருக்கிறது.

எந்த முறைக்கு எது ஒத்துவரும் என்பதில் ஓர் அனுபவக் கணக்கு உண்டு. சுழற்சி முறைகளில் உருவங்கள் எல்லாத் திசையும் பார்க்கும். அதனால் மேலிருந்து பார்க்கும்போது அடையாளம் தெரியும் உயிர்கள், அதாவது பல்லி, ஆமை, வண்டு, பட்டாம்பூச்சி நன்றாக அமையும். தலைகீழாக நிற்கும் குதிரை விழுந்த குதிரை போலத்தான் இருக்கும். தலைகீழாக இருக்கும் வண்டு வண்டுதான். இடப்பெயர்வுக்கும் சறுக்கு எதிரொளிப்புக்கும் பக்கவாட்டு உருவங்கள்.

கண், செதில், நகம் போன்ற உள்கோடுகள் சந்தேகத்தைத் தீர்த்துவைக்கும். கண் ஒன்றை வைத்ததுமே அதுவரை மலைமேடு போலிருந்த வடிவம் மீனாகிவிடும். ஆனால் உள்கோடு அதிகமானால் வெளிக்கோடு மங்கிவிடும். கண்ணுக்கு ஒன்று, உடலுக்கு மூன்று நான்கு என்று நிறுத்திக்கொள்வது நல்லது.

பொருந்தாவிட்டால்

பெரிய தாளில் இறங்குவதற்கு முன் சின்னத் தாளில் நான்கு உருவம், அறுகோணமென்றால் ஏழு உருவம் வரைந்து சோதியுங்கள். பிசகின் வடிவமே காரணத்தைச் சொல்லும்.

இரண்டு ஓடுகளுக்கு நடுவே கண் வடிவத்தில் சந்து விழுந்து, அதை ஒட்டியே இன்னோர் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் துண்டு புரண்டிருக்கிறது. சாம்பல் நிறத்தைப் பாருங்கள்.

மூலைகளில் மட்டும் சின்ன முக்கோண ஓட்டை இருந்தால் கோடு மூலையில் தொடங்கவில்லை, அல்லது கத்தரி மூலையை மழுக்கிவிட்டது. வெட்டும்போது மூலையிலிருந்து நடுவுக்கு ஒரு முறை, மறுமூலையிலிருந்து நடுவுக்கு ஒரு முறை என்று வெட்டினால் இரு முனையும் கூராக நிற்கும்.

எல்லா இடத்திலும் ஒரே சீராக இரட்டைக் கோடு தெரிந்தால் குற்றம் பென்சிலுடையது. டெம்ப்ளேட்டின் வெளியே ஓடும் பென்சில் எல்லாப் பக்கமும் சுமார் கால் மி.மீ. கூட்டிவிடுகிறது. பென்சிலைச் சாய்க்காமல் நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள்; மைக்கோடு போடும்போது இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். பக்கத்து உருவங்கள் இரண்டுக்கும் எல்லை ஒன்றுதான், இரண்டு கோடு கூடாது.

இடமிருந்து வலமாகப் போகப் போகப் பிசகு வளர்ந்தால் கட்டம் சாய்ந்திருக்கிறது, அல்லது கட்டத்தை விட்டுப் பக்கத்து உருவத்தை நம்பியிருக்கிறீர்கள்.

நிறம்

சதுரக் கட்டத்தில் பிறந்த எல்லா உருவங்களுக்கும் சதுரங்கப் பலகை போல இரண்டு நிறம் போதும். கால் சுற்று முறையில் ஒரு தொகுதிக்குள் எதிரெதிரே நிற்கும் இருவருக்கு ஒரு நிறம், மற்ற இருவருக்கு இன்னொன்று. முக்கோணத்திலும் நேரானதற்கு ஒன்று, தலைகீழுக்கு ஒன்று. அறுகோணத்தில் ஒரு மூலையில் மூவர் கூடுவதால் மூன்று நிறம் வேண்டும். தளத்தில் எவ்வளவு சிக்கலான எல்லைகள் இருந்தாலும் நான்கு நிறங்களுக்கு மேல் தேவைப்படாது. 1976இல் கணிதவியலாளர்கள் அப்பெல், ஹாக்கன் இருவரும் கணினித் துணையோடு நிறுவிய தேற்றம் அது.

நிறங்களைத் தேர்ந்தெடுக்கும்போது வெளிர், அடர் வித்தியாசத்தைப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே அடர்த்தியில் இருந்தால் தூரத்திலிருந்து உருவங்கள் கலங்கித் தெரியும். செல்போனில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தால் உடனே புரிந்துவிடும். மை நன்றாகக் காய்ந்த பிறகு கட்டத்தை அழித்து, அதன் பிறகுதான் நிறம். மார்க்கர் என்றால் கோட்டுக்கு அரை மி.மீ. உள்ளேயே நிறுத்துங்கள், மீதி தானே கசிந்து நிரம்பும்.

கணினியில் செய்பவர்களுக்கு

இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில், ஓடு போட்ட நகல்களை உருவாக்கும் வசதியில் அந்த 17 சமச்சீர் வகைகளும் பட்டியலாகவே உள்ளன. வழி அதே வழிதான்: ஒரு பக்கத்துக் கோட்டை வரைந்து, நகலெடுத்து, நகர்த்தியோ சுழற்றியோ இணைப் பக்கத்தில் வைத்து, முனைகளை இணைத்து மூடிய வடிவமாக்குங்கள். சுழற்றும்போது மையப்புள்ளியை வடிவத்தின் நடுவிலிருந்து இழுத்து மூலையில் வைக்க மறக்காதீர்கள்.

இடைவெளியில் ஒரு சிக்கல் வரும். மென்பொருள் உங்கள் பழைய சதுரத்தை அறியாது. புடைப்புகளையும் சேர்த்து மொத்த அகலத்தையே ஓட்டின் அகலமாக எடுத்துக்கொள்ளும். சதுரம் 60 மி.மீ., புடைப்போடு 75 மி.மீ. என்றால் நகல்கள் 75 மி.மீ. தள்ளித் தள்ளி நிற்கும். எளிய இடப்பெயர்வு வகையில் நிரலுக்கு நிரல் நகர்வை −20 சதவீதம் என்று கொடுத்தால் 75இல் 15 கழிந்து 60 ஆகும். உயரத்துக்கும் இதே கணக்கு. கோட்டின் தடிமனும் இந்த அகலத்தில் சேர்ந்துவிடும் என்பதால், நகலெடுக்கும்வரை கோடு இல்லாமல் நிறம் மட்டும் வைத்திருங்கள்.

எல்லாம் சரியாகப் பொருந்தியும் திரையில் ஓடுகளுக்கு நடுவே மயிரிழை வெள்ளைக் கோடு தெரிந்தால் கணக்கைச் சந்தேகிக்க வேண்டாம். ஓரப் புள்ளிகளை மழுப்பிக் காட்டும்போது பின்னாலிருக்கும் வெள்ளை கசிகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு ஓட்டுக்கும் அதன் நிறத்திலேயே 0.1 மி.மீ. ஓரக்கோடு கொடுங்கள், இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் அடியில் அடர்நிறச் செவ்வகம் ஒன்றை விரித்துவிடுங்கள்.